ஈயமா, செம்பா? எல்க் வேட்டைக்காரர்களின் நீண்ட பஞ்சாயத்து

அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா, கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் எல்க் வேட்டை தொடங்கிவிடும். லைசென்ஸ் வாங்கி, கூடாரம் மூட்டை கட்டி, ரைஃபிளைத் துடைத்து வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் கடைசியாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். துப்பாக்கியில் போடப்போவது ஈயக் குண்டா, செம்புக் குண்டா?

வெளியிலிருந்து பார்த்தால் இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்த ஒரு கேள்விக்காகச் சட்டசபைகளில் மசோதா வந்திருக்கிறது, அமைச்சர்கள் உத்தரவு போட்டு ரத்து செய்திருக்கிறார்கள், பழைய வேட்டை நண்பர்கள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். செம்புக் குண்டு என்றாலே "பறவை ஆர்வலர்கள் நம் தலையில் கட்டிய சமாச்சாரம்" என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் ஏராளம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குண்டைக் கண்டுபிடித்ததே ஒரு வேட்டைக்காரர்தான். பெரிய மிருகத்தை ஒழுங்காக வீழ்த்த வேண்டும் என்பதற்காகத்தான் அது பிறந்தது. பறவைகள் இந்தக் கதைக்குள் நுழைந்தது ரொம்பப் பின்னால்!

முதலில் எல்க் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும், பெயரில் குழப்பம் அதிகம். ஐரோப்பாவில் எல்க் என்றால் அமெரிக்கர்கள் மூஸ் என்று சொல்லும் பிராணி. இலங்கையில் நுவரெலியாப் பக்கம் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் போன்ற வெள்ளைக்காரர்கள் நம்மூர் மிளாவைப் போய் எல்க் என்று எழுதி வைத்தார்கள். இங்கே பேசப்படுவது வட அமெரிக்காவின் எல்க். ஷானி பழங்குடி மொழியில் இதற்கு வாபிட்டி என்று பெயர், வெள்ளைப் பின்புறம் கொண்டது என்று அர்த்தம். வளர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேல் இருக்கும், பெண் 220 கிலோவைத் தாண்டும். தடித்த தோள் எலும்பு, ஆழமான நெஞ்சு. குண்டு சரியான இடத்தில் பட்டாலும் உள்ளே போதுமான ஆழம் போகாவிட்டால் மிருகம் காட்டுக்குள் ஓடி மறைந்து, எங்கோ விழுந்து வீணாகச் செத்துப்போகும். எந்த நல்ல வேட்டைக்காரனும் விரும்பாத விஷயம் அது.

இன்னொரு சொல் விளக்கம். நாம் சாதாரணப் பேச்சில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, தலையில் குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குழலை விட்டுப் பறந்து போவது குண்டு மட்டும். பஞ்சாயத்து அந்தக் குண்டைப் பற்றியது.

ஈயம் ஏன் இவ்வளவு காலம் ஆட்சி செய்தது? இங்கே ஈயம் என்றால் காரீயம். பாட்டி வீட்டு ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். "காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல" என்று நாம் சொல்வதே அது எளிதாகக் காய்ச்சக்கூடியது என்பதால்தானே. செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும். காட்டில் முகாம் போட்டிருப்பவன் விறகு அடுப்பில் ஒரு கரண்டியை வைத்து ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றித் தானே குண்டு செய்துகொள்ளலாம். அடர்த்தியும் அதிகம், தண்ணீரைப் போல 11 மடங்குக்கு மேல். சின்ன உருண்டையில் நிறைய எடை, அதனால் தூரம் போனாலும் வேகம் சட்டென்று குறையாது. விலையும் மலிவு. இத்தனை வசதி வேறு எந்த உலோகத்திலும் ஒன்றாகக் கிடைக்கவில்லை.

1849-ல் பிரெஞ்சு ராணுவ அதிகாரி க்ளோட் எதியென் மினியே வடிவமைத்த ஈயக் குண்டுதான் கிரிமியப் போரிலும் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் எலும்புகளை நொறுக்கியது. மிருதுவான ஈயம் உடம்பில் பட்டதும் தட்டையாக விரியும், காயம் பெரிதாகும். கருமருந்துக் காலத்தில் குண்டின் வேகம் விநாடிக்கு 300, 400 மீட்டர்தான். அந்த வேகத்தை ஈயம் தாங்கியது.

நிலைமை 1880-களில் தலைகீழானது. 1884-ல் பால் வியேல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். 1886-ல் அந்த மருந்தைப் பயன்படுத்தும் லெபெல் ரைஃபிள் வந்தது. வேகம் விநாடிக்கு 600 மீட்டரைத் தாண்டிவிட்டது. இந்த வேகத்தில் வெறும் ஈயத்தைச் சுட்டால் குழலின் உள்ளே இருக்கும் திருகுச் சால்களில் ஈயம் வழித்துக்கொண்டு ஒட்டும், குறி கெட்டுப்போகும். அதற்குத் தீர்வை ஸ்விட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் ஏற்கெனவே 1882 வாக்கில் யோசித்து வைத்திருந்தார். ஈய உடம்புக்குச் செம்பில் ஒரு சட்டை! இன்று உலகத்தில் விற்கும் ரைஃபிள் குண்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சட்டை போட்ட ஈயத்தின் வாரிசுகள்தான்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. 1898-லேயே பிரெஞ்சுக்காரர்கள் லெபெலுக்காக ஈயமே இல்லாத ஒரு குண்டைக் கொண்டு வந்தார்கள். பெயர் 'பால் டி'. சுமார் 90 சதவீதம் செம்பு கலந்த பித்தளையில் ஒரே துண்டாகச் செய்தது. ஆக, ஈயமில்லாத குண்டு ஏதோ 21-ம் நூற்றாண்டின் சுற்றுச்சூழல் ஃபேஷன் என்பது சரித்திரப்படி தப்பு.

சட்டை போட்ட குண்டில் ஒரு சிக்கல் முளைத்தது. சட்டை ஈயத்தை விரியவிடாமல் பிடித்துக்கொண்டது. குண்டு ஊசி போல உள்ளே போய் மறுபக்கம் வெளியே போய்விடும். 1895-ல் சித்ரால் படையெடுப்பில் பிரிட்டிஷ் சிப்பாய்கள், குண்டு பட்டும் எதிரி நிற்காமல் ஓடி வருகிறான் என்று புலம்பினார்கள். கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே, குண்டின் மூக்கில் மட்டும் சட்டையைக் கழற்றி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். இன்று கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் அதே டம்டம்தான். 'டம்டம் குண்டு' என்ற பெயர் அப்படித்தான் உலகம் முழுவதும் பரவியது. மனிதர்கள் மேல் இதைப் பயன்படுத்துவது கொடூரம் என்று 1899 ஹேக் மாநாட்டில் தடை பிரகடனம் வந்தது. பிரிட்டன் அதை ஏற்றுக்கொள்ள 1907 வரை எடுத்துக்கொண்டது என்பது தனிக்கதை.

போர்க்களம் கைவிட்ட அந்த யோசனையை வேட்டைக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மனிதனுக்குக் கொடூரமாக இருந்தது மிருகத்துக்குக் கருணையாக மாறியது. விரியும் குண்டு சீக்கிரம் கொல்லும், காயத்தோடு ஓடவிடாது. இன்றைக்கும் மான் வேட்டைக்குப் பயன்படும் மூக்கு திறந்த குண்டுகளுக்கு டம்டம் ஒரு பாட்டன் வீடு மாதிரி.

ஆனால் மருந்து மேலும் மேலும் பலமாகிக்கொண்டே போனது. 20-ம் நூற்றாண்டின் நடுவில் குண்டுகள் விநாடிக்கு 800, 900 மீட்டர் வேகத்தில் பறந்தன. அந்த வேகத்தில் கிட்டத்தில் ஒரு பெரிய மிருகத்தின் தோள் எலும்பில் மோதினால், மிருதுவான ஈயம் விரிவதற்குப் பதிலாகச் சிதறியது. 1946-ல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். சேற்றில் புரண்டு, காய்ந்த சேறு உடம்பெல்லாம் அப்பியிருந்த ஒரு ஆண் மூஸ். அவர் சுட்ட குண்டுகள் மேலேயே உடைந்து சிதறின, உள்ளே போகவில்லை. ஊருக்குத் திரும்பியவர் குண்டுக்கு நடுவில் ஒரு செம்புத் தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி ஈயம் விரிந்து உடையலாம், பின்பாதி ஈயம் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து ஆழமாகப் போகும். 1948-ல் 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இந்தக் குண்டு எல்க் வேட்டைக்காரர்களுக்குப் பல தலைமுறைகளாகக் குலதெய்வம் போல! ஆனாலும் முன்பாதி ஈயம் சிதறத்தான் செய்தது.

அடுத்த அடியை வைத்தவர் ராண்டி ப்ரூக்ஸ். 1932-ல் ஃப்ரெட் பார்ன்ஸ் கொலராடோவில் ஆரம்பித்த சின்னக் குண்டுக் கம்பெனியை 1974-ல் ப்ரூக்ஸும் அவர் மனைவி கோனியும் விலைக்கு வாங்கினார்கள். 1985-ல் அலாஸ்காவில் கரடி வேட்டையின்போது மலைச்சரிவில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் ப்ரூக்ஸுக்கு அந்த யோசனை வந்ததாகக் கம்பெனி சொல்கிறது. குண்டு உடைவதற்குக் காரணமே உள்ளே இருக்கும் ஈயம் என்றால், அந்த ஈயத்தையே எடுத்துவிட்டால் என்ன? 1989-ல் 'எக்ஸ்' குண்டு கடைக்கு வந்தது. முழுக்கச் செம்பு. மூக்கில் ஒரு குழி. இரையில் மோதியதும் அந்தக் குழிக்குள் ஈரத்தின் அழுத்தம் ஏறி, மூக்கு நான்கு இதழாகப் பிரிந்து பின்னோக்கி மடியும். முன்னாலிருந்து பார்த்தால் 'எக்ஸ்' எழுத்து போலத் தெரியும். இதழ்கள் பெரும்பாலும் உடைவதில்லை. சாதாரணச் சட்டை-ஈயக் குண்டு எடையில் கணிசமான பங்கை இழந்துவிட, செம்புக் குண்டு கிட்டத்தட்ட முழு எடையோடு எல்க்கின் உடம்பைத் துளைத்து மறுபக்கம் போகும்.

இந்த வரிசையில் எங்காவது கழுகோ பிணந்தின்னிப் பறவையோ வந்ததா? இல்லை.

எக்ஸ் குண்டு முதலில் நன்றாக ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செம்பு ஈயம் போல வளைந்து கொடுக்காது. குழலின் திருகுச் சால்களோடு உராய்ந்து செம்புப் படிவம் ஒட்டியது. சில துப்பாக்கிகளில் குறி நன்றாக வந்தது, சிலவற்றில் கண்டபடி போனது. 2003-ல் வந்த 'டி.எஸ்.எக்ஸ்.' குண்டில் உடம்பைச் சுற்றிப் பள்ளமான வளையங்கள் வெட்டினார்கள். உராயும் பரப்பு குறைந்தது, பிரச்னையும் பெருமளவு தீர்ந்தது. ஆனால் 1990-களில் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துக் கெட்ட அனுபவம் பட்டவர்கள் அந்தக் கசப்பை மறக்கவில்லை. செம்பு என்றாலே மோசம் என்ற பெயர் பாதி இந்தக் காலத்தில் சம்பாதித்தது.

இன்னொரு நடைமுறை விஷயம். செம்பு ஈயத்தைவிட இலேசானது. ஒரே எடையில் செய்தால் செம்புக் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டு நேராகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். பம்பரம் விட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சுழற்சி போதவில்லை என்றால் தலையாட்டும். பழைய துப்பாக்கிகளின் சால்கள் அவ்வளவு வேகமாகச் சுழற்றாது. அதனால் ஒரு படி எடை குறைத்துப் போடுவதுதான் வழக்கம். 30-06 ரைஃபிளில் 180 கிரெய்ன் ஈயக் குண்டு போட்டவர் 165 அல்லது 150 கிரெய்ன் செம்புக்கு மாறுவார். (கிரெய்ன் என்பது ஒரு தானிய மணியின் எடை, 0.065 கிராம். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு கிரெய்ன்.) எடை குறைந்தால் பலம் போய்விடுமே என்று பழைய ஆட்கள் பதறுவார்கள். ஆனால் உடையாத 150, பாதியில் உடைந்து போகும் 180-ஐவிட ஆழமாகப் போகும். எடை பெட்டியில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதைவிட, எலும்பைத் தாண்டிய பிறகு எவ்வளவு மிஞ்சியது என்பதுதான் கணக்கு.

சரி, பறவைகள் எப்போது வந்தன?

வேட்டைக்காரர் எல்க்கை வீழ்த்தியதும் அங்கேயே வயிற்றைக் கிழித்துக் குடல், நுரையீரல் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிடுவார். இறைச்சி கெடாமலிருக்க அதுதான் வழி, 300 கிலோவை முழுதாகத் தூக்கவும் முடியாது. அந்தக் குடல் குவியல் காட்டுக்கு ஒரு விருந்து. அண்டங்காக்கை, வெண்தலைக் கழுகு, பொன்னாங்கழுகு, நரி எல்லாம் வரும். பிரச்னை, சிதறிய ஈயமும் அந்தக் குவியலில் இருக்கிறது. பறவையின் வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைக்கிறது. நரம்பு தளர்ந்து, உண்ட உணவு செரிக்காமல், பறக்க முடியாமல் பறவை பட்டினியில் சாகிறது.

தண்ணீர்ப் பறவைகள் விஷயத்தில் இது முன்பே தெரிந்திருந்தது. குளத்தில் விழுந்த ஈய ரவைகளை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்தன, அந்த வாத்துகளைத் தின்ற கழுகுகளும் செத்தன. 1991-க்குள் அமெரிக்கா முழுவதும் வாத்து வேட்டைக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டது. ஆனால் ரைஃபிள் குண்டை யாரும் சந்தேகிக்கவில்லை. ஒரு மிருகத்துக்கு ஒரு குண்டு, அதுவும் பெரும்பாலும் மறுபக்கம் போய்விடும், உள்ளே என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பு.

அந்த நினைப்பை உடைத்தது கலிபோர்னியா காண்டோர். சிறகு விரித்தால் ஒன்பதரை அடி இருக்கும் பிணந்தின்னிப் பறவை. 1982-ல் உலகத்தில் மொத்தமே 22 தான் இருந்தன. 1980-களின் நடுவில் செத்துக் கிடந்தவற்றில் மூன்று ஈய விஷத்தால் செத்தவை. 1987-ல் காட்டில் மிச்சமிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். அப்போது எண்ணிக்கை 27. கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து, 1992 முதல் திரும்பக் காட்டில் விட்டார்கள். விட்டவை மறுபடி ஈய விஷத்தால் விழுந்தன! காண்டோர் வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும், பருவத்துக்கு வர ஆறு வருடம் ஆகும். கூட்டமாகச் சேர்ந்து உண்ணும் பழக்கம் வேறு, ஒரே குவியல் பல பறவைகளைக் கெடுக்கும். 2006-ல் சாண்டா க்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காண்டோர் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, முக்கியமான மூலம் துப்பாக்கிக் குண்டுதான் என்று காட்டினார்கள்.

அதே 2006-ல் க்ரெய்ங்கர் ஹன்ட் குழுவினர் செய்த காரியம் இன்னும் எளிமையானது. சுடப்பட்ட மான்களையும் குடல் குவியல்களையும் எக்ஸ்-ரே எடுத்தார்கள். படத்தில் நட்சத்திரம் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஈயக் குண்டு பட்ட மான்களின் 20 குவியல்களில் 18-ல் துணுக்குகள், பாதிக் குவியல்களில் 100-க்கும் மேல். செம்புக் குண்டால் சுட்ட நான்கு மான்களின் முழு உடல்களிலும் சேர்த்துக் கிடைத்தது வெறும் 6 துணுக்கு. நோஸ்லருக்கும் ப்ரூக்ஸுக்கும் எரிச்சலூட்டிய அதே சிதறல்தான் இது. வேட்டைக்காரர் அதை ஆழம் போதாத குறையாகப் பார்த்தார், ஆய்வாளர் அதையே விஷமாகப் பார்த்தார்.

எல்க் விஷயத்தில் நேரடி ஆதாரம் வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி எல்க் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். கண்மூடித்தனமான வேட்டையால் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே போயிற்று. அப்போது, 1912-ல் இங்கே தேசிய எல்க் சரணாலயம் அமைத்தார்கள். மந்தை பெருகியது. பக்கத்தில் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவை உருவாக்கிய 1950 சட்டத்திலேயே, தேவைப்பட்டால் வேட்டைக்காரர்களைக் கொண்டு எல்க் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று எழுதினார்கள். ஆக இலையுதிர் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் குடல் குவியல்களுக்குக் குறைவில்லை. டெரெக் க்ரெய்க்ஹெட்டும் பிரையன் பெட்ரோசியனும் அங்குள்ள அண்டங்காக்கைகளைப் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: வேட்டைக் காலத்தில் 47 சதவீதக் காக்கைகளுக்கு ஈயம் அதிகம், மற்ற மாதங்களில் வெறும் 2 சதவீதம். பெயின்ட், குப்பைமேடு, பழைய பெட்ரோல் என்று வேறு எதன் மேலும் பழி போட வழியில்லாத எண்கள் இவை. பெயின்டுக்கு வேட்டைக் காலம் தெரியாதே!

பிறகு அவர்கள் ஒரு படி மேலே போய், அந்தப் பகுதி வேட்டைக்காரர்களுக்குச் செம்புத் தோட்டா கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் மாறியதற்கே கழுகுகளின் ரத்தத்தில் ஈயம் இறங்கியது. அந்த ஆய்வு 2012-ல் வெளியானது.

மனிதர்கள் சாப்பிடும் இறைச்சி? 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஒரு மருத்துவர், ஏழைகளுக்கு உணவு வங்கி மூலம் தானமாகக் கொடுத்த மான் இறைச்சிப் பொட்டலங்களை ஸ்கேன் செய்து பார்க்க, ஈயத் துணுக்குகள் தெரிந்தன. மாநில அரசு தான இறைச்சியை விநியோகிக்க வேண்டாம் என்றது. மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 700-க்கும் மேற்பட்டோரின் ரத்தத்தைச் சோதித்தது. வேட்டை இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 0.30 மைக்ரோகிராம் கூடுதல். பெரியவர்கள் பயப்படும் அளவு இல்லை, யாரும் நோயில் விழவில்லை. ஆனால் கர்ப்பிணிகளும் 6 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளும் தவிர்க்க வேண்டும் என்று அறிவுரை வந்தது. இதை இரண்டு தரப்புமே தங்களுக்குச் சாதகமாக வாசித்துக்கொண்டார்கள் என்பதுதான் சோகம். ஒரு பக்கம் "விஷ இறைச்சி" என்று கூச்சல், இன்னொரு பக்கம் "பார்த்தீர்களா, ஒன்றுமில்லை" என்று கொண்டாட்டம்.

சட்டங்கள் வந்தபோது சண்டை முற்றியது. 2007-ல் கலிபோர்னியா கவர்னர் காண்டோர் வாழும் பகுதிகளில் ஈயக் குண்டைத் தடை செய்யும் மசோதாவில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கவர்னர் வேறு யாருமில்லை, திரையில் லட்சக்கணக்கில் தோட்டாக்களைச் செலவழித்த அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர்தான்! 2013-ல் தடை மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டு, 2019 ஜூலை 1 முதல் முழுமையாக அமலானது. தேசிய ரைஃபிள் சங்கம், இது துப்பாக்கி உரிமையைப் பின்வாசல் வழியாகப் பறிக்கும் வேலை என்று எதிர்த்தது.

அரிசோனா வேறு வழியில் போனது. அங்கே 1996 முதல் காண்டோர் விடப்பட்டிருந்தன. 2005-லிருந்து அந்தப் பகுதியில் வேட்டை அனுமதி பெற்றவர்களுக்கு மாநில வனவிலங்குத் துறை ஈயமில்லாத் தோட்டாவை இலவசமாகக் கொடுத்தது. கட்டாயமில்லை. ஈயம்தான் சுடுவேன் என்பவர்கள் குடல் குவியலைப் பையில் கட்டி எடுத்து வந்தால் குலுக்கலில் பரிசு! 80 சதவீதத்துக்கு மேலான வேட்டைக்காரர்கள் ஏதோ ஒரு விதத்தில் ஒத்துழைத்தார்கள். மரியாதையாகக் கேட்டால் மனிதர்கள் கேட்பார்கள் என்பதற்கு நல்ல உதாரணம்தான். ஆனால் மீதிப் பேர் போட்ட குவியலும் காண்டோரைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. கலிபோர்னியாவிலும் தடைக்குப் பிறகு ஈய மரணம் நின்றுவிடவில்லை. சட்டமா, சம்மதமா என்ற விவாதத்தில் எந்தப் பக்கமும் முழு வெற்றி என்று மார்தட்ட முடியாது.

அரசியல் எவ்வளவு மலிவாக விளையாடியது என்பதற்கு 2017-ஐப் பார்த்தால் போதும். ஒபாமா ஆட்சியின் கடைசி முழு நாளான ஜனவரி 19 அன்று, மத்திய வனவிலங்குத் துறை தன் நிலங்களில் 2022-க்குள் ஈயத்தை ஒழிக்கும் உத்தரவைப் போட்டது. மார்ச் 2 அன்று புதிய உள்துறைச் செயலர் ரையன் ஸிங்கி குதிரையில் ஏறி அலுவலகத்துக்கு வந்தார். வந்த முதல் நாளே அந்த உத்தரவை ரத்து செய்தார். இரண்டுமே வேட்டைக்காரர்களிடம் பேசி எடுத்த முடிவு போலத் தெரியவில்லை. 2024-ல் வேட்டைக்கான ஈய ரைஃபிள் குண்டைத் தடை செய்த டென்மார்க், ஈய ரவையை 1996-லேயே நிறுத்திப் பழகிய நாடு. அங்கே இத்தனை ஆர்ப்பாட்டம் இல்லை.

ஈயத்தை விட மறுப்பவர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. செம்பு விரிய வேகம் வேண்டும். வெகுதூரத்தில் வேகம் குறைந்த பிறகு இதழ் சரியாக விரியாமல் ஊசித் துளை போட்டுப் போகலாம், மிருகம் அவஸ்தைப்படும். தாத்தா காலத்து மெதுவான ரைஃபிள்களுக்குப் பொருத்தமான செம்புத் தோட்டா கடையில் சுலபமாகக் கிடைக்காது. விலையும் பொதுவாகக் கூடுதல். சட்டமும் குறுக்கே வந்தது. போலீஸ்காரர்களின் கவசத்தைத் துளைக்கும் கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு எதிரான 1986 மத்திய சட்டத்தின் பட்டியலில் பித்தளை இருக்கிறது, சுத்தச் செம்பு இல்லை. பித்தளைக் குண்டு செய்ய நினைத்த கம்பெனிகள் விதிவிலக்குக்கு அலைய வேண்டியதாயிற்று.

விலை வாதம் மட்டும் கொஞ்சம் பலவீனம். வெளிமாநில எல்க் லைசென்ஸுக்கே பல நூறு டாலர், பெட்ரோல், கூடாரம், விடுமுறை வேறு. ஒரு எல்க்குக்குச் செலவாவது ஒன்றிரண்டு தோட்டா. அதில் சேமிக்கும் சில டாலரின் மறுபக்கச் செலவு கடை ரசீதில் வருவதில்லை. பறவை மருத்துவமனையில் காண்டோருக்கு ஈயம் இறக்கும் சிகிச்சை செய்பவர்களின் கணக்கில் அது ஏறுகிறது. இன்னொரு முரண், 1937 சட்டப்படி துப்பாக்கிக் குண்டுகள் மீது உற்பத்தியாளர் கட்டும் 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குத்தான் போகிறது. எல்க் மறுபடி சுமார் 10 லட்சமாகப் பெருகியதில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஈயக் குண்டு வாங்கியவர்தான் அந்தக் கழுகின் காட்டுக்கும் பணம் கட்டியவர். அவரை வில்லனாக்கிப் பேசினால் அவருக்குக் கோபம் வராதா?

அதனால்தான் பின்னால் வந்த முயற்சிகள் தொனியை மாற்றின. 2018-ல் ஆரம்பித்த வட அமெரிக்க ஈயமில்லாக் கூட்டணியின் ஆட்கள் பலர் தாங்களே வேட்டைக்காரர்கள். மேடை போட்டுத் திட்டுவதில்லை. தண்ணீர்ப் பீப்பாயில் இரண்டு குண்டையும் சுட்டு, வெளியே எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். ஈயம் சின்னாபின்னமாகிக் கிடக்கும், செம்பு இதழ் விரித்த பூ மாதிரி முழுசாக இருக்கும். ப்ரூக்ஸ் 1989-ல் விற்க முயன்ற அதே காரணத்தை மறுபடி சொல்கிறார்கள், அவ்வளவுதான். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 38 மாநிலங்களின் 1,210 கழுகுகளில் கிட்டத்தட்டப் பாதிக்கு எலும்பில் ஏறிய நாள்பட்ட ஈயம் இருந்ததாகச் சொன்னது. அதைவிட அந்தப் பீப்பாய்க் குண்டு அதிகம் பேரை மாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது.

கலிபோர்னியாவின் வடகோடியில், ரூஸ்வெல்ட் எல்க் மந்தைகள் மேயும் செம்மரக் காடுகளில் யூரோக் பழங்குடியினர் வாழ்கிறார்கள். காண்டோர் அவர்களுக்குப் புனிதப் பறவை, அதன் இறகு இல்லாமல் சில சடங்குகள் முழுமையாகாது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த வானத்தில் காண்டோர் இல்லை. பறவையைக் கொண்டு வருவதற்குப் பல வருடங்கள் முன்பே அவர்கள் தங்கள் வேட்டைக்காரர்களிடம் போய் ஈயத்தை விடச் சொல்லிப் பேசத் தொடங்கினார்கள். 2022 மே மாதம் முதல் காண்டோர்கள் பறக்கவிடப்பட்டன. 2025 ஜனவரியில் அந்தக் கூட்டத்தில் ஒன்று, ஒன்றரை வயதுப் பறவை, செத்துக் கிடந்தது. பரிசோதனையில் ஈய விஷம் என்று தெரிந்தது. எல்க் ரைஃபிளின் குண்டு அல்ல. வயிற்றில் கிடந்தது ஏர்கன்னில் போடும் ஒரு சின்ன ரவை.